புல்வெட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு பை மாட்டிய கதை

நேற்று மாலை இரண்டு பையும் வாய்வரை நிறைந்து வந்தன. நடுவில் ஒருமுறைகூட வண்டியை நிறுத்திக் குழாய்க்குள் குச்சி விட்டுக் குத்தவில்லை. இந்த இடத்துக்கு வந்துசேர ஏழு வாரம் ஆயிற்று. நினைவு பச்சையாக இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். அடுத்த வருடம் எனக்கே தேவைப்படும்.

வண்டி உட்கார்ந்து ஓட்டும் சாதாரண ரகம். எஞ்சின் முன்னால், வெட்டும் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு) வயிற்றுக்கு அடியில், எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தைச் சுற்றும் ஹைட்ரோஸ்டேட்டிக் கியர் பின்னால். டெக் 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. இரண்டு பிளேடு. வெட்டிய புல்லை வலது பக்கம் வீசும். வெட்ட வேண்டியது ஒன்றரை ஏக்கர். புல் மளமளவென்று வளரும் மாதங்களில் வீசிய புல் வரிவரியாகக் கிடந்து, அதற்கடியில் இருப்பது மஞ்சளாகிவிடும். வெட்ட ஒன்றேகால் மணி நேரம் என்றால், வாரிக் குவிக்க மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் ஒழிக்க நினைத்தேன்.

என் வண்டிக்கென்றே வரும் இரட்டைப் பை செட்டின் விலை, வண்டியைப் பழையதாக வாங்கிய விலையில் கால் பங்கு. மனசு வரவில்லை. வேறொரு நிறுவனத்தின் வண்டியிலிருந்து கழற்றிய செட் ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. சட்டம், மூடி, இரண்டு பை, 18 செ.மீ. விட்டமுள்ள வளைந்த பிளாஸ்டிக் குழாய், எல்லாம் இருந்தன. டெக்கின் வாயில் பொருந்தும் துண்டு மட்டும் இல்லை. 'ஒரு தகடு வளைத்தால் முடிந்தது' என்று நினைத்தேன்.

சட்டத்தை மாட்டியது பெரிய கதை இல்லை. வண்டியின் பின்தகட்டில் துளைகளுக்கு இடைவெளி 28 செ.மீ., பைச் சட்டத்தில் 31. 6 மி.மீ. பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, இரு பக்கத்துக்கும் துளை போட்டு, 10 மி.மீ. போல்ட் மாட்டினேன். ஸ்பிரிங் வாஷர் போதவில்லை, எஞ்சின் அதிர்வில் ஒரு வாரத்தில் தளர்ந்தன. நைலான் வளையம் உள்ள நட்டு போட்ட பிறகு அசையவில்லை. அரை நாள் வேலை.

டெக்கின் வாய்தான் என்னைப் படுத்தியது. புல் வெளியேறும் திறப்பு 33 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம், மேல்விளிம்பு நேர்கோடு இல்லை, டெக்கின் வளைவோடு சரிந்து போகிறது. குழாயோ வட்டம். நீள்சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் ஒரு வாய்த்துண்டு வேண்டும். அட்டைப் பெட்டியைக் கிழித்து மாதிரி எடுத்தேன், நான்கு முறை. நான்காவது அட்டை கையில் பிடித்தபோது கச்சிதமாக இருந்தது. அதை வைத்து 1.2 மி.மீ. ஜி.ஐ. தகட்டை வெட்டி, மடித்து, பக்கவாட்டில் தகட்டைத் தானே துளைத்து ஏறும் திருகு அடித்து மாட்டினேன்.

முதல் ஓட்டம். நாற்பது மீட்டர் தாண்டவில்லை, டெக்குக்கு அடியிலிருந்து புல் கொத்துக் கொத்தாக விழ ஆரம்பித்தது. பிளேடை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டைப் பிரித்தேன். உள்ளே பச்சைச் சோறு பிசைந்து அடைத்தது போல் இருந்தது. (பிளேடு சுவிட்சை அணைத்தபின் என் வண்டியில் பிளேடு முழுதாக நிற்க நான்கு விநாடி ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அடைப்பு எடுக்கும் அவசரத்தில் நான்கு விநாடி ரொம்ப நீளம்.)

கையை உள்ளே விட்டுத் தடவியபோதுதான் பிடிபட்டது. தகடு டெக்கோடு சேரும் இடத்தில் 6 மி.மீ. உயரத்துக்கு ஒரு படி. புல் வரும் திசைக்கு எதிராக நான்தான் கட்டி வைத்திருக்கிறேன். போதாதற்குப் பதினோரு திருகுகளின் கூர் முனையும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடுமி புல்.

இரண்டாவது துண்டை வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன சார் போகுது, காத்தா புல்லா?" என்றார். புல் என்றேன். "அப்ப உள்பக்கம்தான சார் அழகா இருக்கணும்? நீங்க வெளிப்பக்கத்தை அழகு பண்ணி வெச்சிருக்கீங்க." அந்த ஒரு வாக்கியத்துக்கே கூலி கொடுத்திருக்கலாம்.

இந்தத் தடவை வெளிக்கூடு 1.6 மி.மீ. இரும்புத் தகடு. உள்ளே, பழைய நீல பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி எடுத்த 3 மி.மீ. தாள் ஒன்றை அங்கியாகப் பொருத்தினோம். டெக்கின் வாய் விளிம்பு தாளுக்குள் இரண்டு செ.மீ. நுழைந்திருக்கும், தாளின் பின் விளிம்பு குழாய்க்குள் நுழையும். ஓட்டு வேய்வது போல, மேலிருந்து வருவது கீழே இருப்பதன்மேல் ஏறி உட்கார வேண்டும். திருகுகளுக்குப் பதில் மழமழப்பான உருண்டைத் தலை போல்ட், தலை உள்ளே, நட்டு வெளியே.

பிளாஸ்டிக்கே போதுமே, இரும்பு எதற்கு என்று முதலில் யோசித்தேன். என் பிளேடு 54 செ.மீ. நீளம், நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று. முனையின் வேகம் விநாடிக்கு 85 மீட்டர் வருகிறது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்கத் தரநிலையில் பிளேடு முனைக்கு உச்ச வரம்பே நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது விநாடிக்கு 96.5 மீட்டர்தான். அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் அடித்தால் டிரம் தாள் தாங்காது. அதனால் இரும்புக் கூடு. துண்டு கழன்றிருக்கும்போது, டெக்கின் வாயை மறைக்கும் பழைய ரப்பர் மடலை மாட்டாமல் பிளேடைச் சுற்ற விடுவதில்லை.

அடைப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை. பையில் கால்வாசி நிறைந்ததும் குழாயின் வளைவில் தேங்கும். இரண்டு வாரம் அந்த வளைவோடு மல்லுக்கட்டினேன். குழாயைச் சாய்த்தேன், நிமிர்த்தினேன், உள்ளே மெழுகு தடவினேன். தப்பு அங்கே இல்லவே இல்லை.

டெக்கைக் கழற்றி அடியில் சுரண்டும்போதுதான் பிளேடை ஒழுங்காகப் பார்த்தேன். விளிம்பு பாம்பு போல நெளிந்திருந்தது. அது மல்ச்சிங் பிளேடு. புல்லை வெளியே தள்ளாமல் டெக்குக்குள்ளேயே சுழலவிட்டு, மறுபடி மறுபடி நறுக்கி, தூளாகத் தரையில் விடுவதற்கென்று செய்தது. முந்தைய சொந்தக்காரர் மல்ச்சிங் கிட் போட்டிருந்திருக்கிறார். வாயை அடைக்கும் மூடியை எடுத்துவிட்டு பிளேடை அப்படியே விட்டுவிட்டார். வெளியே வீசாதே என்று பழக்கிய பிளேடிடம், ஒன்றரை மீட்டர் குழாய் வழியாக மேலே அனுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பைக்கு வேண்டியது ஹை-லிஃப்ட் பிளேடு. அதன் பின்விளிம்பு இறக்கை போல நன்றாக மேலே தூக்கியிருக்கும்; காற்றை இழுத்துத் தள்ளும். வாங்கினேன். நீளம் சரி, அகலம் சரி, வீட்டுக்கு வந்து மாட்டப் போனால் நடுத்துளை பொருந்தவில்லை. பிளேடைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில் எனக்கு ஐந்து முனை நட்சத்திரம். நான் வாங்கியது ஆறு முனை. நீளத்தை மட்டும் சொல்லி வாங்கியதன் பலன். அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் வந்தது உண்மை. முந்நூறு கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரியான பிளேடை மாட்டும்போது டெக்குக்கும் பிளேடுக்கும் இடையில் மரக்கட்டையை ஆப்பாக வைத்து, கையேட்டில் கண்ட 68 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இறக்கை மேல்நோக்கி, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தலைகீழாக மாட்டி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். பைக்கு அள்ளும்போது டெக்கின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் நிறுத்தி பிளேடு முனையிலிருந்து அளந்தால், எனக்கு முன்பக்கம் 8 மி.மீ. உயர்ந்திருந்தது. டெக்கைத் திருகப் போகுமுன் டயரைப் பார்த்தது நல்லதாயிற்று: பின் டயரில் 6 பி.எஸ்.ஐ. தான் காற்று, இருக்க வேண்டியது 10. பின்பக்கம் உட்கார்ந்ததால் முன்பக்கம் தூக்கியிருந்தது. காற்றடித்துவிட்டு, மிச்சத்தை டெக்கைத் தாங்கும் முன் தொங்குகம்பியின் நட்டில் சரிசெய்து, முன்பக்கம் 5 மி.மீ. தாழ வைத்தேன்.

அன்றைக்கு ஓட்டினேன். குழாய்க்குள் 'சரசர' என்று ஓயாத ஒரு மழைச் சத்தம். பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பை நிறைந்தது!

நிறைந்ததும் அடுத்த சிக்கல் கிளம்பியது. மேட்டில் கிளம்பும்போது ஸ்டியரிங் பஞ்சு போல ஆகிவிட்டது. வளைத்தால் வண்டி நேரே போகிறது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

எடை பார்க்கும் தராசு, நாம் ஏறி நிற்போமே அது, ஒன்றை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். மறு சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை. பை காலியாக இருக்க ஒரு எண், நிறைந்திருக்க ஒரு எண் எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஏண்ணா, ஆள் உட்காராம அளந்து என்ன பிரயோஜனம்? வண்டி தானாவா ஓடப்போகுது?" என்றான். அழித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு, அவனைப் படிக்கச் சொன்னேன். பைச் சட்டமே இல்லாமல் சக்கரத்துக்கு 46 கிலோ. இரண்டு பையும் ஈரப் புல்லோடு நிறைந்தபோது 32. சமதரையிலேயே இரு சக்கரத்திலுமாக 28 கிலோ காணாமல் போயிருக்கிறது. மேட்டில் இன்னும் போகும்.

முதலில் அவசரத்துக்கு ஒரு மணல் மூட்டையை பானெட் மேல் கட்டினேன். காற்றுத் துளைகள் மூடிக்கொண்டு, பத்து நிமிடத்தில் எஞ்சினிலிருந்து கருகல் வாடை. இறக்கிவிட்டேன். பிறகு 100 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் 38 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒரு முனையை அடைத்து, கான்கிரீட் நிரப்பினேன். காய்ந்தபின் ஒவ்வொன்றும் பதினொன்றரை கிலோ. முன்சட்டத்தின் இருபக்கமும் யு-போல்ட்டில் தொங்கவிட்டேன். முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி இருப்பதால் இருபத்து மூன்று கிலோவே இருபத்தெட்டின் வேலையைச் செய்துவிட்டது. தராசு 46 காட்டியது. செலவு, கிடந்த இரும்பும் அரைச் சட்டி சிமெண்டும்.

அப்படியும் சரிவில் குறுக்காக ஓட்டுவதை விட்டுவிட்டேன். மேலும் கீழுமாகத்தான். என் கையேடு 15 பாகைக்கு மேல் ஏறாதே என்கிறது; நிறைந்த பையோடு நான் அதில் பாதிக்குமேல் போவதில்லை.

கடைசியாகச் செய்தது ஒரு சின்ன ஜன்னல். பை நிறைந்ததா என்று இருக்கையிலிருந்து தெரியாது. குழாய் அடைத்த பிறகுதான் தெரியும். மூடியில் 8க்கு 10 செ.மீ. திறப்பு வெட்டி, 3 மி.மீ. அக்ரிலிக் துண்டை உள்பக்கமாக ஒட்டினேன். பச்சை விளிம்பு தெரிந்தால் கொட்டப் போக வேண்டியதுதான். இந்த மொத்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான், அரை மணி நேரத்தில் முடிந்தது.

இடையில் வேறு சில இணைப்புகளையும் மாட்டிப் பார்த்தேன்.

தள்ளுவண்டி போன்ற இழுவை டிரெய்லர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மாட்டினேன், இழுத்தது. இழுவைத் தகடு மட்டும் 3 மி.மீ. தான், அதில் செருகும் இணைப்பு முளை ஆடி ஆடித் துளை முட்டை வடிவமாகிவிட்டது. மேலே 6 மி.மீ. தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்தாயிற்று.

மருந்து தெளிக்கும் 12 வோல்ட் ஸ்பிரேயர் வேடிக்கை காட்டியது. பேட்டரி வரை வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, முன்விளக்கு வயரில் கொக்கி போட்டேன். பம்ப் 'ர்ர்ர்' என்று உறுமியதே ஒழியச் சுற்றவில்லை. பம்பைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டி, ஒரு ஞாயிறு போயிற்று. மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறது, ஏ.சி.க்குத் திருப்பினால் பன்னிரண்டு. சில எஞ்சின்களில் விளக்குக்கு ஏ.சி., அதாவது மாறுதிசை மின்சாரம், நேரே போகிறது, பேட்டரிக்குத் தனி வழி. என்னுடையது அந்த ரகம். பேட்டரியிலிருந்தே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, நீர் புகாத சுவிட்சோடு தனி வயர் இழுத்தேன். சுற்றியது. ஆனால் இந்த வகை எஞ்சினில் பேட்டரிக்கு ஏறுவது 3 ஆம்பியர்தான். பம்ப் குடிப்பது 7. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு வேலியோரம் நின்று தெளித்ததில், திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது 'டிக்' என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தது. தம்பிதான் ஜம்பர் வயரோடு வந்தான்.

மண்ணில் துளை போடும் ஏரேட்டர் இரவலாகக் கிடைத்தது. உள்ளீடற்ற பற்கள் மண்ணைச் சின்னச் சின்ன உருளையாகப் பிடுங்கி மேலே போடும். காய்ந்த மண்ணில் இழுத்தேன், பற்கள் கீறல் மட்டும் போட்டன. தட்டில் கான்கிரீட் கட்டைகளை ஏற்றி 60 கிலோ வைத்தும் இரண்டு செ.மீ. தான். மறுநாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு இழுத்தால், அதே எடையில் 7 செ.மீ. உருளை உருளையாக வந்தது. புல்லில் புதைந்திருந்த தெளிப்பான் தலை ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. இப்போது கொடி நட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். பற்கள் மண்ணில் இருக்கும்போது திருப்பினால் வளைந்துவிடும், தூக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு பின்னாலிருக்கும் கியர்ப் பெட்டி முனக ஆரம்பித்தது, ஏற்றத்தில் இழுவை குறைந்தது. நிறுத்திவிட்டேன். சின்ன வண்டிகளின் ஹைட்ரோஸ்டேட்டிக் கியர் உருள்வதை இழுக்கச் சலிக்காது. மண்ணைக் கவ்வுவதை இழுத்தால் சூடாகிவிடும். இப்போது கால் மணி நேரம் ஓட்டம், கால் மணி நேரம் ஓய்வு.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன் என்று கேட்டால், முதல் நாளே டெக்கைக் கழற்றிப் பிளேடைப் பார்த்திருப்பேன். அந்தத் துண்டுக்கு நான் எடுத்த நான்கு அட்டை மாதிரியும் வெளி அளவுக்கு எடுத்தவை. உள் அளவுக்கு எடுத்திருக்க வேண்டும். முன் எடையை கான்கிரீட்டில் வார்க்காமல் உடற்பயிற்சிக்கான எடைத் தட்டுகளை ஒரு கம்பியில் கோத்திருப்பேன். பை மாட்டாத நாளில் கழற்றிவிடலாம். இப்போதிருப்பதைக் கழற்ற யு-போல்ட் நான்கையும் பிரிக்க வேண்டும், யாருக்குப் பொறுமை? அதனால் அது எப்போதும் தொங்குகிறது, வெறும் வண்டியில் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கிறது.

காலையில் பனி காயும் முன் வெட்டினால் இன்னமும் அடைக்கிறது. வெயில் ஏறிய பிறகு, 6.5 செ.மீ. உயரத்தில் வைத்து, மெதுவாக ஓட்டினால் அடைப்பதில்லை. நேற்று மொத்தம் ஒன்பது நடை கொட்டினேன். கொட்டும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி பத்து நிமிடம். ஹை-லிஃப்ட் பிளேடு கிளப்பும் புழுதியில் அந்த அக்ரிலிக் ஜன்னல் அதற்குள் பனிமூட்டம் போலக் கீறல் விழுந்து மங்கிவிட்டது. ஒட்டாமல் நான்கு திருகில் மாட்டியிருக்கலாம். இந்த வாரம் பெயர்த்தெடுத்துக் கண்ணாடித் துண்டு எதுவும் வைக்காமல், கம்பி வலை அடித்துப் பார்க்கப் போகிறேன்.